வாய்ப்பூட்டு மேடம்

பயிற்சியாளர்கள் அவருக்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டு மேடம். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமலும் இல்லை. ஒரு வருடம் பயிற்சி முகாமின் வருகைப் பதிவேட்டில் யாரோ அவசரத்தில் அந்தப் பெயரையே எழுதிவிட, அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு அதற்கு நேரே கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி அறிவியல் பேராசிரியர். கைகால்கள் ஒரு வேலையை எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பந்தை எறிவது, மட்டையைச் சுழற்றுவது, நீந்துவது, உயரம் தாண்டுவது, எல்லாம் அதில் அடக்கம். இருபத்தெட்டு வருடமாக அவர் சொல்லிவந்ததைச் சுருக்கினால் இவ்வளவுதான்: விளையாடுகிறவர் ஒவ்வொரு முறை செய்து முடித்ததும் "இங்கே தப்பு, அங்கே தப்பு" என்று தொணதொணக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். பத்துக்கு ஒரு தடவை சொன்னால் போதும். மிச்சத்தை உடம்பு தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

கணவர் பல் டாக்டர். "நாள் பூரா நான் ஊரை வாயைத் திறங்கங்கிறேன், இவ வாயை மூடுங்கங்கிறா. எப்படியோ குடும்பம் ஓடுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்த விதி வீட்டுக்குள் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மனிதர் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் மேடத்தின் கருத்து வந்து விழும்.

இந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டும். கல்லூரியில் அவர் வாலிபால் அணியில் இருந்தார். அணியில் இருந்தார் என்றால், பெஞ்சில் இருந்தார். சர்வீஸ் போட வரிசையில் நின்றால் போதும், பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்துவார். "தோளு! மணிக்கட்டு! காலைப் பாரு!" ஒரு பந்துக்கு மூன்று திருத்தம். திருத்தத் திருத்தப் பந்து வலையில் போய் விழுந்தது. மூன்றாம் வருடம் அந்தப் பயிற்சியாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு மாதம் பேச முடியாமல் போயிற்று. பாவம்தான். ஆனால் அந்த ஒரு மாதத்தில்தான் இவருடைய சர்வீஸ் கோட்டுக்குள் விழ ஆரம்பித்தது. குரல் திரும்பியது, பந்து மறுபடியும் வலைக்குப் போயிற்று. மற்ற பெண்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்காமல் யோசித்தார்.

படிப்பெல்லாம் முடிந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தக் கேள்வியைச் சோதனையாகவே வைத்துப் பார்த்தார். மைதானத்தின் ஓரத்தில் ஒரு பழைய கூடம் இருந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் மாணவர்கள், மொத்தம் நாற்பத்தெட்டு பேர், நின்று பந்தை மேலே தூக்கி எறிவார்கள். அந்தப் பக்கம் சாய்வாகக் கிடத்திய பலகையில் வட்டம் வட்டமாக வண்ணம் பூசியிருக்கும். நடுவில் விழுந்தால் ஐந்து, ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். எறிகிறவர்களுக்குப் பலகை தெரியாது. ஒரு கூட்டத்துக்கு ஒவ்வொரு எறிக்கும் எண் சொல்லப்பட்டது. இன்னொரு கூட்டத்துக்குப் பத்து எறிக்கு ஒரு முறை மொத்தமாகச் சீட்டு வந்தது. ஒரு வாரம் கழித்து எல்லோரையும் மறுபடி கூப்பிட்டு, யாருக்கும் எதுவும் சொல்லாமல் எறியச் சொன்னார். ஒவ்வொரு எறிக்கும் எண் கேட்டவர்கள் தடுமாறினார்கள். சீட்டுக் கூட்டம் சும்மா போட்டுத் தாக்கியது.

அடேயப்பா, அதற்குக் கிடைத்த வரவேற்பு! கட்டுரை வெளிவந்தது, பாடப்புத்தகத்தில் ஏறியது, அவரே ஒரு பாடப்புத்தகம் எழுதினார். ஆண்டுதோறும் மே மாதத்தில் பயிற்சியாளர்களுக்கு நடக்கும் முகாமில் முதல் நாள் முதல் வகுப்பு அவருடையது என்று எழுதாத சட்டமே ஆகிவிட்டது.

முகாமில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவர்களில் நீச்சல் மாஸ்டர் முக்கியமானவர். நகராட்சிக் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். ஒரு காலத்தில் அவர் கத்தினால் குளத்துக்கு வெளியே சைக்கிளில் போகிறவன் பிரேக் போடுவானாம். இருபது வருடத்துக்கு முன்னால் மேடத்தின் பேச்சைக் கேட்டார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு குளத்தின் ஓரத்தில் விசிலைக் கடித்துக்கொண்டு நிற்பதோடு சரி. மேடம் பத்துக்கு ஒன்று என்றால் இவர் நூற்றுக்கு ஒன்றுகூடச் சொல்லவில்லை. "பேசாமயே கத்துக்கொடுக்கிற ஒரே ஆள் நான்தான் மேடம், எல்லாம் நீங்க போட்ட பூட்டு" என்று வருடா வருடம் பெருமையாகச் சொல்வார். மேடத்துக்கும் அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஓர் ஆய்வு மாணவி வந்து சேர்ந்தாள். ஒல்லியான பெண். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பாள், ஆனால் சரியில்லை என்று தோன்றினால் இரண்டு நாள் கழித்து அதே இடத்துக்கு வந்து நிற்பாள். மேடத்தின் சோதனையை முதலில் அப்படியே திருப்பிச் செய்து காட்டிவிட்டு, அதன்மேல் தன் ஆய்வைக் கட்டுவது என்று திட்டம். திருப்பிச் செய்வது ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான் என்று இரண்டு பேரும் நினைத்திருந்தார்கள். புதிய ஆய்வகத்தில் செய்தாள். குளிர்சாதன அறை, பந்து எங்கே பட்டது என்று கணினியே சொல்லும் பஞ்சுப் பலகை, எல்லாம் பளபள.

வித்தியாசமே வரவில்லை. சொல்லிக்கொடுத்த கூட்டமும் சொல்லாத கூட்டமும் ஒரே மாதிரி எறிந்தார்கள். இரண்டுமே சுமார் ரகம்.

"எங்கேயோ கோட்டை விட்டிருக்கே" என்றார் மேடம். "மறுபடி செய்."

மறுபடி செய்தாள். அதே கதை. மூன்றாம் முறை மேடமே பக்கத்தில் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு எறியையும் பார்த்தார். அப்போதும் அதேதான். மாணவி காகிதங்களை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மேடம், ஜூன்ல நான் சமர்ப்பிக்கணும். நாலு வருஷம் ஆச்சு. வந்ததை வந்தபடி எழுதிடட்டுமா?"

"எழுதினா என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம்." குரல் இறங்கியது. "அதனாலதான் கேக்கறேன்."

மேடத்துக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் சொல்லாமல் சொன்னது இதுதான்: இதில் மேடம் கையெழுத்துப் போட்டால் மேடத்தின் இருபத்தெட்டு வருடம் ஆட்டம் காணும். போடாவிட்டால் இவளுடைய நாலு வருடம் தண்ணீரில் போகும். இரண்டில் ஒன்று. ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. பேசாமல் இழுத்தடித்தால் எல்லாம் தானாக முடிந்துவிடும், யாரும் கேட்கப் போவதில்லை. அந்த நினைப்பும் வந்தது. வரவில்லை என்று நான் பூசி மெழுக மாட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் எதையும் குறை சொல்லாமல் இருந்ததைப் பார்த்து டாக்டருக்குப் பயம் வந்துவிட்டது. வெங்காயத்தைக் கோணலாகக்கூட நறுக்கிப் பார்த்தார். ஒரு வார்த்தை இல்லை.

"என்னாச்சு உனக்கு?"

மேடம் நடந்ததைச் சொன்னார். டாக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"மூணு தடவை அந்தப் பொண்ணோட ரூமைப் போய்ப் பார்த்தே. உன்னோட ரூமை ஒரு தடவையாவது பார்த்தியா?"

"என் ரூம்ல என்னங்க இருக்கு? அது இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது."

"என்கிட்ட ஒருத்தர் மேல் பல்லு வலிக்குதுன்னு வருவார். தேடித் தேடிப் பார்த்தா சொத்தை கீழ்ப் பல்லுல இருக்கும். நீ ஒரு பக்கத்தையே தோண்டிக்கிட்டு இருக்கே."

மேடத்துக்குக் கோபம்தான் வந்தது. பல்லும் பந்தும் ஒன்றா? ஆனாலும் மறுநாள் காலையில் மாணவியைக் கூப்பிட்டு, பழைய கூடத்தின் சாவி எங்கே என்று விசாரிக்கச் சொன்னார்.

கூடம் இப்போது ஸ்டோர் ரூம். உடைந்த நாற்காலிகளும், தாண்டும் தடைகளும், காற்றுப் போன பந்துகளும் கூரை வரைக்கும் கிடந்தன. அதற்குள் எதையாவது கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒரே ஆள்தான் வழி. ஆறு வருடத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர். எப்போதும் சட்டைப் பையில் நாலு ஆணி வைத்திருப்பதால் அவருக்கு ஆணி அண்ணன் என்று பெயர். அந்தக் காலத்தில் பலகையைச் செய்ததும், திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எண்ணை எழுதியதும், கூவிச் சொன்னதும் அவர்தான். போன் போட்டதும் அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"இதுக்கா மேடம் கூப்பிட்டீங்க? நான்கூட ஏதோ பாராட்டு விழான்னு நெனச்சு சட்டையை மாத்திட்டு வந்தேன்."

நாற்காலிகளை ஒதுக்கி, தடைகளை நகர்த்தி, ஒரு மணி நேரத்தில் மூன்று பேரும் தூசி மனிதர்களாகிவிட்டார்கள். பலகை சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. வண்ணம் மங்கியிருந்தாலும் வட்டங்கள் தெரிந்தன. ஆணி அண்ணன் அதைத் தூக்கித் தட்டினார்.

"பாருங்க, அந்தக் காலத்து தகரம். மரச்சட்டத்து மேல அடிச்சது. இன்னும் ஒரு ஆணி ஆடல."

தட்டியது கேட்டது. மாணவி சட்டென்று தலையைத் திருப்பினாள்.

"அண்ணே, இன்னொரு தடவை தட்டுங்க. நடுவுல."

டங் என்றது.

"ஓரத்துல?"

சட்டத்தின்மேல் ஆணி அடித்திருந்த இடம். டக் என்று செத்த சத்தம்.

"இதுக்கும் அதுக்கும் நடுவுல தட்டினா ரெண்டும் இல்லாம ஒரு சத்தம் வரும்" என்று ஆணி அண்ணன் உற்சாகமாகத் தட்டிக் காட்டினார். "நான் எதுக்கு எட்டி எட்டிப் பார்த்துக்கிட்டு? முதல் நாலு நாள்தான் பார்த்து எழுதினேன். அப்புறம் பேப்பர் படிச்சுக்கிட்டே காதால கேட்டு எழுதிடுவேன். ஒரு நாள் நீங்களே வந்து சரிபார்த்தீங்களே மேடம், ஒண்ணுகூடத் தப்பில்லன்னு சொன்னீங்க!"

மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. மாணவி அவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆணி அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துச் சட்டைப் பையிலிருந்த ஆணிகளைத் தடவிக்கொண்டார்.

"பலகையைப் பழைய இடத்துல வைங்க அண்ணே" என்றார் மேடம். "திரையைக் கட்டுங்க."

திரை எங்கே இருக்கிறது, எலி தின்று ரொம்ப நாளாயிற்று. பழைய வலை ஒன்றின்மேல் விரிப்பைப் போட்டுக் கட்டினார்கள். ஐம்பத்தொன்பது வயதுப் பேராசிரியர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திரைக்கு இந்தப் பக்கம் நின்று எறிய ஆரம்பித்தார். முதல் பந்து பலகைக்கே போகவில்லை. இரண்டாவது டக். மூன்றாவது டக். கொஞ்சம் மெதுவாக எறிந்தார், இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் மெதுவாக. டங். யாரும் அவருக்கு எண் சொல்லவில்லை. இருபது பந்துக்குள் நாலுக்கு மூன்று டங் என்று விழுந்துகொண்டிருந்தது.

அவர் எறிவதை நிறுத்திவிட்டுக் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தடையின்மேல் உட்கார்ந்தார்.

விஷயம் இவ்வளவு எளிது. சீட்டுக் கூட்டத்துக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது பொய். பலகை சொல்லிக்கொண்டே இருந்தது. மனிதக் குரல் வராததால் அவர்கள் பலகையைக் காது கொடுத்துக் கேட்கப் பழகிக்கொண்டார்கள். மற்றக் கூட்டத்துக்கு ஆணி அண்ணன் எண்ணைக் கூவிக்கொண்டே இருந்ததால் அவர்கள் பலகையைக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்துக் கூவலை நிறுத்தியதும் அவர்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆயிற்று. மாணவியின் பஞ்சுப் பலகையில் சத்தமே கிடையாது. அதனால் அங்கே இரண்டு கூட்டமும் இருட்டில்தான் எறிந்தன. சொல்லாமல் விட்டால் உடம்பு தானாகக் கண்டுபிடிக்கும் என்று இவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னாரே, அப்படிக் கண்டுபிடிக்க உடம்புக்கு ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றுமே சொல்லாத இடத்தில் வாயை மூடினால், அது வெறும் கைவிடுதல்.

"நாப்பத்தெட்டு பேரோட நானும் அந்த ரூம்ல இருந்தேன்" என்றார் மேடம். "இவ்வளவு சத்தம். எனக்கு எப்படிக் கேக்காம போச்சு?"

மாணவி தயங்கினாள். "உங்களுக்குத்தான் அண்ணன் எண் சொல்லிட்டே இருந்தாரே மேடம்."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். சிரிப்பு நிற்க நேரம் ஆயிற்று, நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவமானமும் இருந்தது, அந்தப் பெண்ணின்மேல் தாங்க முடியாத பாசமும் வந்தது. மூன்று மாதமாக இவளை எவ்வளவு கரித்துக்கொட்டியிருக்கிறோம் என்று நினைத்து மனது கூசியது.

"வந்ததை வந்தபடி எழுது. இந்தப் பலகையையும் சேர்த்து எழுது. முதல் பக்கத்துலேயே என் சோதனையில என்ன ஓட்டைன்னு எழுதிடு."

"கொஞ்சம் மென்மையா எழுதறேன் மேடம்."

"மென்மை வேண்டாம். புரியற மாதிரி எழுது."

ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டது சுலபமாகவே இருந்தது. துறையில் இரண்டு பேர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள், ஒருவர் வந்து கை குலுக்கினார். அறிவியலில் இதெல்லாம் நடக்கிறதுதான், யாரும் தலையை வாங்கவில்லை. வெளியூர் பேராசிரியர் ஒருவர், சத்தத்தைப் பற்றிய இந்தப் புதுக் கண்டுபிடிப்பு பழையதைவிட அருமை என்றுகூட எழுதினார். மேடத்துக்கு அந்தக் கடிதம் இனிக்கவில்லை. அவருடைய மனதை அரித்துக்கொண்டிருந்தது மே மாத முகாம். கட்டுரையை நம்பியவர்கள் இன்னொரு கட்டுரையைப் படித்துத் திருத்திக்கொள்வார்கள். பேச்சை நம்பியவர்களிடம் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும்.

முகாமுக்குப் போகிற காலையில் டாக்டர் வாசல் வரைக்கும் வந்தார்.

"நானும் வரட்டுமா?"

"எதுக்கு? பல்லு பிடுங்கவா?"

"இல்ல, சும்மா. பின்னால உக்காந்துக்கறேன்."

"வேண்டாங்க. நீங்க இருந்தா நான் உங்களைப் பார்த்துக்கிட்டே பேசுவேன். அவங்களைப் பார்த்துப் பேசணும்."

அறுபது பேர் இருந்தார்கள். நீச்சல் மாஸ்டர் வழக்கம்போல் முன்வரிசையில், தலையாட்டத் தயாராக. மேடம் படம் எதுவும் போட்டுக் காட்டவில்லை. பலகையைச் சொன்னார், தகரத்தைச் சொன்னார், ஆணி அண்ணனின் காதைச் சொன்னார். அதற்குக் கொஞ்சம் சிரிப்பும் கிடைத்தது. கடைசியாக, "நான் உங்களுக்கு இத்தனை வருஷமா சொன்னது பாதிதான் உண்மை. விளையாடறவங்களுக்கு அவங்க செஞ்சது எப்படி வந்துச்சுன்னு தானாத் தெரியற இடத்துல நீங்க பேசாம இருக்கலாம். தெரியாத இடத்துல பேசாம இருந்தா அது தப்பு. அந்த வித்தியாசத்தை நான் பார்க்கல. பார்க்காமயே உங்களைப் பேசாதீங்கன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்று முடித்தார்.

கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர், "அப்ப நான் கத்தினது சரிதானா மேடம்?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்து, அது அவ்வளவு சுலபமில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தபோது நீச்சல் மாஸ்டர் எழுந்து நின்றார். தலையாட்டவில்லை.

"எனக்கு ஒரு சந்தேகம் மேடம். தண்ணிக்குள்ள தகரம் ஏது?"

மேடம் அவர் பக்கம் திரும்பினார்.

"கை தப்பா போனாலும் அதே தண்ணி, சரியா போனாலும் அதே தண்ணி. கடிகாரத்தைப் பார்த்தா வேகம் தெரியும், கை தெரியாது. பிள்ளைங்களுக்கு எங்கேர்ந்து தெரிஞ்சிருக்கும்? மேல நின்னு பார்க்கற எனக்குத்தானே தெரியும்?"

"ஆமாம் மாஸ்டர்."

"இருபது வருஷம். வருஷத்துக்கு நாப்பது பிள்ளைங்க. நான் பார்த்தும் சொல்லாம விட்ட பிள்ளைங்க என்ன ஆனாங்க மேடம்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் மேடம் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். இந்தக் கேள்வி கையை நீட்டிக்கொண்டு நின்றது. அறுபது பேரும் மேடத்தின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சில பேர் தானா சரியாகியிருப்பாங்க. சில பேர் தப்பையே நல்லாப் பழகியிருப்பாங்க. சில பேர் நமக்கு வராதுன்னு விட்டுட்டுப் போயிருப்பாங்க. யார் யாருன்னு எனக்குத் தெரியாது மாஸ்டர். தெரிஞ்சிக்க வழியும் இல்ல."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். தேநீர் இடைவேளையில் அவர் டீ எடுக்கவில்லை. மேடமும் எடுக்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் இருவரும் நின்றார்கள். மணி அடித்ததும் மாஸ்டர் உள்ளே போகத் திரும்பினார். இரண்டு படி ஏறிவிட்டு நின்றார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் குளத்துக்கு வர்றீங்களா மேடம்? எனக்குச் சொல்லவே வரும்னு தோணல. பக்கத்துல யாராவது நின்னா தேவலை."

"வர்றேன் மாஸ்டர்."

ஆறு மணிக்கெல்லாம் குளத்தில் வெளிச்சம் வந்திருந்தது. குளோரின் வாடை மூக்கில் ஏறியது. ஓரத்து ஓடுகள் ஈரமாக இருந்ததால் மேடம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாஸ்டரின் பக்கத்தில் போய் நின்றார். எட்டு வரிசையிலும் பிள்ளைகள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். மாஸ்டர் மூன்றாவது வரிசையை மட்டும் பார்த்தார். பதினாலு வயதிருக்கும், ஒரு பெண். நல்ல நீளமான கைகள், விடாத உழைப்பு. இடது கை மட்டும் தண்ணீரில் இறங்கும்போது தலையைத் தாண்டி வலப்பக்கம் போய் இறங்கியது. ஒவ்வொரு வீச்சிலும் உடம்பு பாம்பு மாதிரி வளைந்து, மறுபடி நேராகி, மறுபடி வளைந்தது. மேடத்துக்கே பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"எத்தனை நாளா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ரெண்டு வருஷம்."

மாஸ்டர் விசில் ஊதினார். அந்தப் பெண் வந்து சுவரைத் தொட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தாள். மாஸ்டர் குந்தி உட்கார்ந்தார். வாயைத் திறந்தார், மூடினார். எட்டு ஊருக்குக் கேட்ட குரல் என்பார்களே, அதில் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லுங்க மாஸ்டர்" என்றார் மேடம்.

"உன் இடது கை" என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார். "இடது கை தலையைத் தாண்டி அந்தப் பக்கம் போகுது. தோளுக்கு நேரா விடணும். இப்படி."

அவள் அவருடைய கையைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய இடது கையைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து சார் இப்படி வருது?"

"நீ சேர்ந்ததுலேர்ந்து."

"ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டா இருந்தீங்க?" முகம் சுருங்கியது. "எனக்குத் தோளு வலிக்கும் சார். எனக்கு நீச்சல் வராதுபோலன்னு வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தேன். அடுத்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு இருந்தோம்."

மேடம் ஈர ஓட்டின்மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். புடவை நனைந்தது.

"சார் மேல தப்பில்லம்மா. சொல்லாதீங்கன்னு அவருக்குச் சொன்னது நான்."

அந்தப் பெண்ணுக்கு இந்த அம்மாள் யாரென்றே தெரியாது. கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். கேட்க வேண்டியது நிறைய இருந்திருக்கும். ஆனால் தண்ணீரில் நிற்கிறவளுக்குக் குளிர ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

"இப்ப போய்ட்டு வர்றேன். வந்ததும் எப்படி இருந்துச்சுன்னு சொல்லணும். ரெண்டு பேரும்."

சுவரை உதைத்துக்கொண்டு போனாள். முதல் வீச்சு நேராக இறங்கியது. இரண்டாவதும் நேராக. மூன்றாவதில் பழைய பழக்கம் கையை உள்ளே இழுத்தது, நாலாவதில் அவளே தடுமாறித் திருத்தினாள். மாஸ்டரும் மேடமும் குளத்தின் ஓரமாகவே அவளோடு நடந்தார்கள், பிறகு கிட்டத்தட்ட ஓடினார்கள், அந்த முனையில் திரும்பி மறுபடி கூடவே வந்தார்கள். அவள் சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்குவதற்குள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.